கதைச் சவாலுக்கு நடுவராக இருப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

போக்கிமொன் சண்டையை எழுத்திலேயே நடத்தும் குழுக்களில் இரண்டு வகைச் சண்டைகள் உண்டு. ஒன்று, இரண்டு பேர் நேருக்கு நேர் மோதுவது. அதில் நடுவர் கணக்குப் பார்த்தால் போதும். மற்றது கதைச் சவால். அதில் இரண்டு மூன்று பேர் ஒரே அணியாக வருவார்கள், எதிரியை நடுவரே ஆடுவார். கதை சொல்வதும் அவர்தான், தீர்ப்புச் சொல்வதும் அவர்தான்.

புதிதாக நடுவராகிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். தான் ஆடும் சண்டைக்குத் தானே தீர்ப்புச் சொல்கிறவர், எதை எப்போது முடிவெடுத்தார் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் நம்பமாட்டார்கள். கீழே உள்ள வரிசை முழுக்க அதற்காகத்தான்.

உதாரணங்களை எங்கட பக்கத்துக் கதை ஒன்றிலிருந்தே எடுக்கிறேன். காலபோக நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது முத்தையன்கட்டுப் பக்கத்து வயலுக்குள் ஒரு டொன்பான் (யானை போன்ற போக்கிமொன்) இறங்குகிறது. மூன்று பேர் காவலுக்கு நிற்கிறார்கள்.

1. தொடங்க முன் தயாராக இருக்க வேண்டியவை

ஒரு ஷீட் வேண்டும். ஒவ்வொரு போக்கிமொனுக்கும் ஒரு வரி: எச்பி (உயிர்ப் புள்ளி), தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, ஸ்பீட், திறன், கையில் உள்ள பொருள். போனில் கூகிள் ஷீட் போதும். ஆனால் கரண்ட் போகும், சிக்னல் போகும். நடப்புச் சுற்றின் எச்பியை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

எல்லோரும் பார்க்கும் இடத்தில் உருளும் டைஸ் வேண்டும். டிஸ்கோர்ட் என்றால் டைஸ் பொட் உண்டு. வட்ஸ்அப் குழு என்றால் சண்டையில் இல்லாத ஒருவரை உருட்டச் சொல்லலாம். நீங்கள் வீட்டில் தனியாக உருட்டி எண்ணை மட்டும் சொன்னால், மூன்றாவது தடவை எதிரிக்கு நல்ல எண் விழும்போது சந்தேகம் வந்துவிடும்.

முக்கியமானது ஒரு சாட்சி. சண்டையில் இல்லாத, வாய் இறுக்கமான ஒருவர். எதற்கு என்பது ஐந்தாம் படியில் வரும்.

2. எந்தத் தலைமுறை விதி என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்

போக்கிமொன் விளையாட்டுகள் தலைமுறை தலைமுறையாக வெளிவருபவை, விதியும் அதோடு மாறும். ஒவ்வொருவரும் வேறு வேறு காலத்தில் விளையாடத் தொடங்கியவர்கள். பழைய எமுலேட்டரில் பழகிய அண்ணாவுக்குத் தீக்காயம் என்றால் சுற்றுக்கு எச்பியில் 8இல் 1 பங்கு. ஏழாம் தலைமுறையிலிருந்து அது 16இல் 1 பங்கு. முடக்கம் பிடித்தால் ஸ்பீட் முன்பு காற்பங்காகும், இப்போது பாதியாகும். கிரிட்டிக்கல் அடி முன்பு 2 மடங்கு, ஆறாம் தலைமுறையிலிருந்து 1.5 மடங்கு. மின்சார வகைக்கு முடக்கம் பிடிக்காது என்பதும் ஆறாம் தலைமுறையில் வந்த விதி.

இதை முதலே எழுதாவிட்டால் சண்டை நடுவில் ஒருவர் பழைய எண்ணோடு வருவார். அவர் சொல்வதும் பிழையில்லை என்பதால் பிரச்சினை பெரிதாகும். "ஒன்பதாம் தலைமுறை விதி, எல்லோரும் லெவல் 50" என்று ஒரு வரி போதும்.

3. கதையை மூன்று களங்களுக்குள் நிறுத்துங்கள்

என்னுடைய கதையில் முதலாம் களம் வயல், இரண்டாம் களம் இரணைமடு வான்கதவடி, மூன்றாம் களம் ஆனையிறவு உப்பளம். முதல் இரண்டுக்கும் இடையில் முறிகண்டி. வாகனம் நிற்காமல் போகாத இடம் என்பதால் அதை இளைப்பாறும் இடமாக வைத்தேன்: தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போனால் எல்லோருக்கும் பாதி எச்பி திரும்பும். கோயில்கள் கதையில் இப்படி வரட்டும். தெய்வத்தைச் சண்டைக்கு எதிரியாக்க வேண்டாம்.

புதியவர்கள் ஆறு ஏழு களம் எழுதிக்கொண்டு வருவார்கள். எழுத்துச் சண்டையில் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் போகும். ஒரு களம் நாலு சுற்று என்றாலே மூன்று களத்துக்கு இரண்டு கிழமை. அதற்குள் ஒருவருக்கு ஓஎல் சோதனை வரும், இன்னொருவருக்கு நைட் ஷிப்ட் வரும். முடியாமல் நின்றுபோன கதையை யாரும் திரும்பத் தொடங்குவதில்லை.

கிளை வழி வைத்தால் இரண்டு போதும். மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியால் போவதா, முல்லைத்தீவு வீதியால் திரும்புவதா என்று கேட்கலாம். ஆனால் இரண்டு வழியும் அடுத்த களத்தில் வந்து சேர வேண்டும். இல்லையென்றால் யாரும் போகாத வழிக்கும் சேர்த்து நீங்கள் எதிரி தயாரித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஊரைக் களமாக எடுங்கள், போரை எடுக்காதீர்கள். பங்கர், செல்லடி, இடப்பெயர்வு, காணாமற்போனவர்கள் எதுவும் விளையாட்டுக்குரிய திருப்பமல்ல. குழுவில் இருக்கும் பெடியள் பிள்ளைகளில் யாருடைய வீட்டில் யாருடைய படத்துக்கு விளக்கு எரிகிறது என்று உங்களுக்குத் தெரியாது. யானை, வெள்ளம், காடு, குளம், கடல் என்று வன்னியில் கதைக்குக் குறைவில்லை.

4. எதிரியின் பலத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள்

பெரும்பாலான கதைச் சவால்கள் இங்கேதான் பழுதாகின்றன. உதாரணத்தையே பாருங்கள்.

லெவல் 50இல், 31 ஐவி (பிறவிப் பலம்) வைத்து, ஈவி (பயிற்சியால் கூடும் பலம்) எதுவும் போடாத டொன்பானுக்கு எச்பி 165, தற்காப்பு 140, சிறப்புத் தற்காப்பு 80, ஸ்பீட் 70. அணியில் கியாரடோஸ், லுடிகோலோ, ஸ்னோர்லாக்ஸ். கியாரடோஸின் வாட்டர்ஃபோல் என்ற மூவ் (போக்கிமொன் செய்யும் தாக்குதல் அல்லது செயல்) 96 முதல் 114 வரை சேதம் கொடுக்கும். லுடிகோலோவின் கிகா ட்ரெய்ன் 116 முதல் 140 வரை. கியாரடோஸின் ஸ்பீட் 101, லுடிகோலோவின் ஸ்பீட் 90. இரண்டும் டொன்பானை முந்தும். அதாவது நீங்கள் இரண்டு பந்தி எழுதி இறக்கிய யானை, ஒரு அடி எடுத்து வைக்க முன்பே விழுந்துவிடும்.

சேதத்தைக் கணக்கிடும் முறை இது. லெவலை 2ஆல் பெருக்கி 5ஆல் வகுத்து 2ஐக் கூட்டினால், லெவல் 50க்கு 22 வரும். அதை மூவின் பலத்தாலும் தாக்குகிறவரின் தாக்குதலாலும் பெருக்கி, எதிரியின் தற்காப்பால் வகுத்து, 50ஆல் வகுத்து, 2ஐக் கூட்டுங்கள். கிகா ட்ரெய்ன் சிறப்பு மூவ் என்பதால் சிறப்புத் தாக்குதலையும் சிறப்புத் தற்காப்பையும் எடுக்க வேண்டும். அதன் பலம் 75, லுடிகோலோவின் சிறப்புத் தாக்குதல் 110. 22 × 75 × 110 ÷ 80 ÷ 50 + 2 = 47. இதில் 85 முதல் 100 வீதம் வரை டைஸ் தீர்மானிக்கும்: 39 முதல் 47. தன் வகை மூவுக்கு 1.5 மடங்கு: 58 முதல் 70. நில வகையான டொன்பானுக்குப் புல் வகை மூவ் 2 மடங்கு: 116 முதல் 140. ஒவ்வொரு படியிலும் தசமத்தை விட்டுவிடுங்கள்.

ஸ்னோர்லாக்ஸின் பொடி ஸ்லாம் 45 முதல் 54. மூன்றையும் கூட்டினால் அணியின் ஒரு சுற்றுச் சராசரி ஏறக்குறைய 280. களம் நாலு சுற்று நிற்க வேண்டும் என்றால் 1120. ஆனால் எல்லோரும் எல்லாச் சுற்றிலும் அடிக்கமாட்டார்கள். ஒருவர் ப்ரொடெக்ட் (அந்தச் சுற்றில் அடியைத் தடுக்கும் மூவ்) போடுவார், ஒருவர் போக்கிமொனை மாற்றுவார், ஒரு அடி தவறும். அதனால் முக்கால் பங்கு எடுத்தால் 840. நான் 165ஐ 5ஆல் பெருக்கி 825 வைத்தேன். இயல்பான எச்பியின் முழு மடங்காக வைப்பதற்குக் காரணம் உண்டு.

எச்பியை ஊதிப் பெருக்கினால் வீதக் கணக்கில் வரும் சேதமும் கூடவே ஊதும். டொன்பானுக்கு லீச் சீட் (எச்பியை உறிஞ்சும் விதை) போட்டால் சுற்றுக்கு 8இல் 1 பங்கு. 165க்கு அது 20. 825க்கு 103! அந்த 103ம் போட்டவருக்கு எச்பியாகப் போகும். லுடிகோலோவின் முழு எச்பியே 155தான். ஒரு விதை போட்டுவிட்டு ஒளிந்திருந்தாலே களம் முடிந்துவிடும். ஆகவே தொடக்கத்திலேயே எழுதுங்கள்: "லீச் சீட், நஞ்சு, தீக்காயம், காலநிலைச் சேதம் எல்லாம் எதிரியின் இயல்பான எச்பியில் கணக்கிடப்படும்." மீதி எச்பியைப் பாதியாக்கும் சூப்பர் ஃபாங் போன்றவைக்கும் இதே உச்ச வரம்பு வையுங்கள். ஒரே அடியில் விழுத்தும் மூவ்களும் ரோர் போன்று துரத்தும் மூவ்களும் களத் தலைவனிடம் (களத்தின் பெரிய எதிரியிடம்) பலிக்காது என்றும் சேர்த்துவிடுங்கள்.

எதிரியின் தாக்குதலைக் கூட்டாதீர்கள். எச்பி கூடினால் சண்டை நீளும், தாக்குதல் கூடினால் ஒரு கெட்ட டைஸில் ஒருவரின் ஒரே போக்கிமொன் போய்விடும். பிறகு அவர் கிழமைக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சமநிலைக்கு இன்னொரு வழி, எதிரிக்கு இரண்டாவது செயல் கொடுத்து அதைக் கதையின் நோக்கத்தின் மேல் திருப்புவது. என் டொன்பான் ஒவ்வொரு சுற்று முடிவிலும் நெல்லை மிதிக்கும். வயலுக்கு 10 புள்ளி, சுற்றுக்கு 2 குறையும். ஒருவர் தன் முறையைச் செலவழித்து யானைவெடி கொளுத்தினால் அந்தச் சுற்றில் வயல் தப்பும். அடிப்பதா காப்பதா என்று அணி தங்களுக்குள் கதைக்கத் தொடங்கினால், களம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வெற்றி எப்போது என்பதும் எண்ணாக இருக்க வேண்டும். எச்பி 275க்கு அல்லது அதற்குக் கீழே இறங்கினால் யானை காட்டுக்குத் திரும்பும். வயல் 0 ஆனால் அணி தோற்கும்.

5. எதிரியின் கட்டளையை முதலில் பூட்டுங்கள்

அணியின் கட்டளைகளைப் பார்த்த பிறகு எதிரியின் மூவைத் தெரிவு செய்யாதீர்கள். நடுநிலையாகத்தான் இருப்பேன் என்று மனதில் நினைத்தாலும், கியாரடோஸ் ப்ரொடெக்ட் போடுவது கண்ணில் பட்டுவிட்டால் கை தானாக ஸ்னோர்லாக்ஸ் பக்கம் போகும்.

அதற்குத்தான் சாட்சி. சுற்றுத் தொடங்கியதும், கட்டளை எதுவும் வர முன், எதிரியின் செயலைச் சாட்சிக்கு அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஆனால் திருத்திய அடையாளம் தெரியும். அதனால் திருத்த வேண்டாம். பிழையாக எழுதினால் பிழையாக எழுதியதே நடக்கட்டும்.

இதைவிடச் சுகமான வழி நடத்தை அட்டவணை. டொன்பானுக்கு 6 பக்க டைஸ்: 1 முதல் 3 ஏர்த்குவேக், 4 அல்லது 5 கடைசியாகத் தன்னைத் தாக்கியவரை நோக்கி ஒரு அடி, 6 என்றால் தற்காப்பு. சின்ன எதிரிகளுக்கு அட்டவணை போதும். களத் தலைவனுக்கு மட்டும் நீங்களே யோசித்துப் பூட்டிய கட்டளை வையுங்கள், அதில்தான் சுவை.

6. கட்டளை வாங்கும் நேரம்

கிளிநொச்சியில் ஒருவர், லண்டனில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர் என்பது எங்கட குழுக்களில் வழமை. நேரத்தை இலங்கை நேரத்தில் மட்டும் குறிப்பிடுங்கள், மற்றதைக் கீழே எழுதுங்கள். இலங்கையில் இரவு 9:00 என்றால் கோடையில் லண்டனுக்குப் பின்னேரம் 4:30, ரொறன்ரோவுக்குக் காலை 11:30. குளிர்காலத்தில் இரண்டு இடத்திலும் ஒரு மணித்தியாலம் முந்தும்.

நேரத்துக்கு வராவிட்டால் என்ன என்பதையும் முதலே சொல்லுங்கள். என் விதி: முதல் தடவை ப்ரொடெக்ட் போட்டதாக எடுப்பேன், அடுத்த தடவை அணியில் இன்னொருவர் கட்டளை கொடுக்கலாம். யாரையும் வெளியேற்றுவதில்லை.

7. ஒரு சுற்றைக் கணக்கிடும் வரிசை

முதலில் போக்கிமொன் மாற்றங்கள். அதன் பிறகு முன்னுரிமை கூடிய மூவ்கள்: ப்ரொடெக்ட் +4, குயிக் அட்டாக் +1. ஒரே முன்னுரிமைக்குள் ஸ்பீட் கூடியவர் முதலில். ஸ்பீட் சமன் என்றால் டைஸ். ட்ரிக் ரூம் போட்டிருந்தால் மெதுவானவர் முந்துவார், ஆனால் ஒரே முன்னுரிமைக்குள் மட்டும். ட்ரிக் ரூம் முன்னுரிமையையும் தலைகீழாக்கும் என்று நினைத்துக் குயிக் அட்டாக்கைக் கடைசிக்குத் தள்ளுவது புதியவர்கள் செய்யும் பிழை.

ஒவ்வொரு மூவுக்கும் டைஸ் வரிசை: பட்டதா, கிரிட்டிக்கலா, சேதம் எவ்வளவு, பக்க விளைவு உண்டா. உருட்ட முன் எதற்கு உருட்டுகிறீர்கள் என்று எழுதுங்கள். "பொடி ஸ்லாம் முடக்கம், 100இல் 30க்குள் விழுந்தால் உண்டு." எண் விழுந்த பிறகு அது எதற்கு என்று சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

பலரை ஒன்றாகத் தாக்கும் மூவ் என்றால் சேதம் 0.75 மடங்கு. ஏர்த்குவேக்குக்கு இதை மறந்தால் அணி தேவையில்லாமல் அடிபடும். கடைசியில் சுற்று முடிவு: காலநிலை, லெஃப்ட்ஓவர்ஸ் (சிறிது எச்பி திருப்பித் தரும் பொருள்), லீச் சீட், நஞ்சு, தீக்காயம், இந்த வரிசையில். லெஃப்ட்ஓவர்ஸ் நஞ்சுக்கு முன் வருவதால் தப்பும் போக்கிமொன்கள் உண்டு. வரிசை மாறினால் உயிர் மாறும்.

8. கணக்கு முடிந்த பிறகே கதை எழுதுங்கள்

கதையை முதலில் எழுதினால் அதற்கு ஏற்றபடி எண்ணைத் தள்ளத் தோன்றும். கணக்கை மேலே போட்டு, கீழே கதையை எழுதுங்கள். ஒரு மாதிரி:

சுற்று 2. காலநிலை இல்லை. டொன்பான் 561, ஸ்னோர்லாக்ஸ் 160, லுடிகோலோ 119, வயல் 8.
கியாரடோஸ், வாட்டர்ஃபோல்: 104.
லுடிகோலோ, கிகா ட்ரெய்ன்: 128. அதில் பாதி, 64, லுடிகோலோவுக்குத் திரும்பும், முழு எச்பி 155இல் நிற்கும்.
டொன்பான், ஏர்த்குவேக்: கியாரடோஸ் பறக்கும் வகை, 0. ஸ்னோர்லாக்ஸ் 75. லுடிகோலோ 36.
ஸ்னோர்லாக்ஸ், பொடி ஸ்லாம்: 49. முடக்கம், டைஸ் 71, இல்லை.
இரண்டாவது செயல்: நெல் மிதிபடுகிறது.
முடிவு: டொன்பான் 280, ஸ்னோர்லாக்ஸ் 85, லுடிகோலோ 119, வயல் 6.

*வரம்பு உடைந்து சேறு தெறிக்கிறது. யானை ஒரு முறை பிளிறிக் காட்டுப் பக்கம் தலையைத் திருப்புகிறது. ஆனால் போகவில்லை. முன்னங்கால் இன்னும் பயிருக்குள்தான் நிற்கிறது.*

இந்த இடத்தைக் கவனியுங்கள். எல்லை 275, நிற்பது 280. ஐந்து புள்ளிதானே, போகட்டும் என்று யானையை அனுப்பிவிட நல்ல மனம் உள்ள எல்லோருக்கும் தோன்றும். அனுப்பாதீர்கள். இன்றைக்கு ஐந்து புள்ளியை விட்டுக்கொடுத்தவர், நாளைக்கு அணி ஐந்து புள்ளியில் தோற்கும்போது விதியைக் காட்ட முடியாது. அந்த ஐந்து புள்ளியைக் கதையாக்குங்கள்: போகப் பார்த்தும் போகாத யானை. அடுத்த சுற்றில் அணி உயிரைக் கொடுத்து விளையாடும்.

கதையில் வரும் சொல் கணக்கிலும் இருக்க வேண்டும். புதிய நடுவர் ஒருவரின் இரணைமடுக் களத்தில் நடந்தது இது. வான்கதவு திறந்திருக்கிறது, மழை கொட்டுகிறது என்று அழகாக எழுதியிருந்தார். எதிரி ஒரு கியாரடோஸ், ஸ்பீட் 101. லுடிகோலோ வைத்திருந்த தங்கச்சி, தன் திறன் ஸ்விஃப்ட் ஸ்விம் என்பதால் மழையில் ஸ்பீட் 90 இரட்டித்து 180 ஆகும், தான் முந்துவேன் என்று திட்டம் போட்டிருந்தாள். நடுவரின் ஷீட்டில் மழையே இல்லை.

"அண்ணா, நீங்கள்தானே மழை எண்டு எழுதினீங்கள்?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. மழை எழுதினால் நீர் வகை மூவ் 1.5 மடங்கு, நெருப்பு பாதி. அது வேண்டாம் என்றால் மப்பு என்று எழுதுங்கள். ஒவ்வொரு களத்தின் தொடக்கத்திலும் "காலநிலை, தரை, ஒளி" என்று தனி வரியில் போட்டுவிட்டு, கதையில் அதற்கு வெளியே போகாதீர்கள்.

9. விதியில் இல்லாததைக் கேட்டால்

"வாய்க்காலை வெட்டி யானையைச் சேற்றுக்குள் இழுக்கலாமா?" என்று ஒருவர் கேட்பார். மறுக்காதீர்கள், கதைச் சவாலுக்கு வருகிறவர்கள் இதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் விலை வையுங்கள்: அந்தப் போக்கிமொனின் முறை போகும், வெற்றி வாய்ப்பை டைஸுக்கு முன் சொல்வீர்கள், விளைவு ஏற்கெனவே விளையாட்டில் உள்ள ஒன்றாக இருக்கும். சேற்றில் சிக்கினால் ஸ்பீட் ஒரு படி குறையும், அதாவது மூன்றில் இரண்டு பங்காகும். புதிதாக ஒரு தண்டனையைக் கண்டுபிடிக்க வேண்டாம். அதையே மறுசுற்றில் இன்னொருவர் கேட்டால் அதே வாய்ப்பு, அதே விளைவு.

10. முறைப்பாடு வந்தால்

"அண்ணா, என்ர ஸ்னோர்லாக்ஸுக்கு 75 வராது" என்று செய்தி வரும். "பொறுங்கோ தம்பி, பாப்பம்" என்று சொல்லிவிட்டு ஷீட்டைத் திறவுங்கள். குழுவில் எல்லோர் முன்னிலையிலும் கணக்கை வரி வரியாகப் போடுங்கள், தனிச் செய்தியில் முடிக்காதீர்கள்.

பிழை இருந்து, அடுத்த சுற்றுக் கட்டளைகள் இன்னும் வராவிட்டால் எண்ணைத் திருத்துங்கள். கட்டளைகள் வந்துவிட்டால் எச்பியை மட்டும் சரிசெய்து, நடந்த சுற்றை அப்படியே விடுங்கள். பின்னோக்கிப் போய்ச் சுற்றைத் திரும்ப ஆடினால், எல்லோருக்கும் மற்றவரின் மனதில் இருந்தது தெரிந்துவிடும். பிழையால் ஒரு போக்கிமொன் விழுந்திருந்தால் மட்டும் அதை எழுப்பி, வர வேண்டிய எச்பியோடு நிறுத்துங்கள்.

11. களம் முடிந்ததும்

பரிசைத் தொடக்கத்தில் சொன்னபடி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். சாட்சியிடம் இருக்கும் பூட்டிய கட்டளைகளைக் குழுவில் போடச் சொல்லுங்கள். ஆட்கள் அதை ஒவ்வொன்றாக வாசித்து, "அந்தச் சுற்றில நீங்கள் உண்மையாவே தற்காப்பு வச்சிருந்தீங்களா" என்று கேட்பார்கள்.

தோற்ற அணிக்கும் கதை தொடர வழி வையுங்கள். வயல் போனால் முறிகண்டியில் பாதி எச்பிக்குப் பதிலாகக் காற்பங்கு கிடைக்கும், அவ்வளவுதான். ஷீட்டை அழிக்காமல் வையுங்கள். அடுத்ததாக நடுவராக வர விரும்புகிறவருக்கு அதைக் கொடுத்து, ஒரு சுற்றைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடை ஒத்துவந்தால் அடுத்த களத்தின் சாட்சி அவர்தான்.